இஸ்லாமிய இறையியல், மெய்ஞ்ஞானம்: திருகோணமலை மாவட்டம்

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை முதலிய ஊர்களில் செறிந்து வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், 2012 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 சதவீதம். இவர்களும் சார்ந்துள்ள இலங்கை முஸ்லிம்களின் மரபுவழிக் கல்வி மூன்று துறைகளைக் கொண்டது: அஷ்அரி நெறிப்பட்ட அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு), ஷாபிஈ பிக்ஹு (சட்டம்), தஸவ்வுப் (ஆன்மிகம்). மெய்யியல் தனிப் பாடமாக வளராமல், இமாம் கஸ்ஸாலி (இ. 1111) வகுத்த வழியில் இறையியலோடும் ஆன்மிகத்தோடும் இணைந்தே வந்தது. காதிரிய்யா, ஷாதுலிய்யா, ரிபாஇய்யா தரீக்காக்கள் (ஆன்மிக நெறிகள்) திக்ரு (இறைநினைவு), ராத்திபு (கூட்டுத் துதி) மஜ்லிஸ்கள் வழியே ஆன்மிகப் பயிற்சியைப் பரப்பின.

இக்கல்வி மக்களைச் சென்றடைய அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழ்) உதவியது. இலங்கையிலும் பணியாற்றிய கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய ‘பத்ஹுத் தய்யான்’ இம்மூன்று துறைகளையும் ஒரே நூலில் விளக்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் எழுந்த தவ்ஹீத் (ஏகத்துவ) இயக்கங்கள் ஸியாரத் (அடக்கத்தல தரிசனம்), கந்தூரி (நினைவு விருந்து) வழக்கங்களை எதிர்த்தன. இதனால் இறையியல் விவாதம் பள்ளிவாசல்களிலும் பிரசுரங்களிலும் பரவியது.

கற்பித்தலில், மரபு முறை ஆசிரியர் வழி வந்த மூலநூல் பாடத்தை அடிப்படையாகக் கொள்கிறது. பேருவளை ஜாமிஆ நளீமிய்யா (1973), ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களோ இஸ்லாமியக் கல்வியை நவீனக் கல்வியோடு சேர்த்துக் கற்பிக்கின்றன.