மினாராவுக்கு இடப்பக்கம் ஒரு முஷ்டி

மொட்டை மாடியில் ஏறி, தெற்கே பார்த்து நின்று, நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கண்ணால் பிடிக்க வேண்டும். கையை முழுதாக நீட்டி, மினாராவுக்கு இடப்பக்கம் ஒரு முஷ்டி வைத்துப் பார்க்க வேண்டும். முஷ்டி முடிகிற இடத்துக்கு நேராக ஆன்டெனாவைத் திருப்பி முடுக்கினால் இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாகினி விழும். திருமலைராயன்பட்டினத்தில் 1982 தொடங்கி எட்டு வருஷம் நான் ஆன்டெனா கட்டிய கணக்கு இதுதான். திசைகாட்டி வைத்துப் பார்த்தவனில்லை. நூற்று முப்பத்தோரு அடி மினாரா இருக்கும்போது அது தேவைப்படவும் இல்லை.

எங்கள் தலைமுறையின் பாட்டும் சினிமாவும் செய்தியும் சென்னையிலிருந்து வந்தவை என்று எழுதுகிறார்கள். பட்டினத்துக்காரனாக இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. நேர்க்கோட்டில் சென்னை எங்களுக்கு 240 கிலோமீட்டர். கடலுக்கு அந்தப்புறம் காங்கேசன்துறை 120 கிலோமீட்டர்தான். இடையில் மலையில்லை, கட்டடமில்லை, தண்ணீர் மட்டும். 1975 ஆகஸ்ட் 15ல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. எங்கள் ஊரில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் முதன்முதலில் பார்த்த படம் கடல் தாண்டி வந்தது. அதற்கு இருபது முப்பது வருஷம் முன்பே எங்கள் காதுகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தன.

காது திரும்பிய கதைக்கு டெல்லியில் ஒரு காரணம் உண்டு. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு இளைஞர்களைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். கொழும்பிலோ, இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய பலமான சிற்றலை நிலையம் 1949ல் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. டெல்லி மறுத்த பாட்டைக் கொழும்பு போட்டது. 1957 அக்டோபரில் டெல்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்குவதற்குள் இந்தியா முழுக்க ரேடியோ முள் கொழும்பில் நின்று பழகிவிட்டது.

ஆனால் கேஸ்கர் பதவியேற்றபோது எங்கள் ஊர் இந்தியாவிலேயே இல்லை. பிரெஞ்சு ஆட்சி. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால்தான் இந்தியா. 1954 நவம்பர் 1ல்தான் காரைக்கால் கைமாறியது. சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது. எனக்கு ரேடியோ தொழில் கற்றுக்கொடுத்த மாமா அந்தக் காலத்து மனுஷர். சைகோனிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சுப் படைச் சொல்தா வீட்டில் இருந்த வால்வு ரேடியோவைச் சுற்றிச் சுற்றி வந்துதான் அவர் தொழில் கற்றாராம். அந்தப் பெட்டியில் இரவில் பிரெஞ்சு பேசும், பகலில் கொழும்பு பாடும் என்பார். டெல்லி என்ற ஊர் அதில் ரொம்ப நாள் பேசவே இல்லை.

நான் 1960ல் பிறந்தவன். எனக்கு விவரம் தெரிந்தபோது ரேடியோ சிலோன் என்ற பெயர் போய், 1967லிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகியிருந்தது. 'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் பிசகாமல் சொல்வாள். விளம்பரத்தில் அவர்கள் சோப்பைச் சவர்க்காரம் என்பார்கள், பாப் பாட்டைப் பொப்பிசை என்பார்கள். கோபால் பல்பொடி விளம்பரம் நம்மூர்ச் சாமானுடையது; அதையும் கொழும்பு வழியாகத்தான் கேட்டோம். சிலோன் மனோகரின் 'சுராங்கனி' சினிமாவுக்கு வருமுன்பே எங்கள் கல்யாண வீட்டு மைக் செட்டுகளுக்கு வந்துவிட்டது.

காலையில் பொங்கும் பூம்புனல். மதியம் சோறு வைக்கிற நேரத்தில் நேயர் விருப்பம். மயில்வாகனத்தின் குரலை மாமா தலைமுறை சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் காலத்துக் குரல்கள் ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா. ராஜா பேசினால் மூச்சு விடுகிற இடம் தெரியாது. அவ்வளவு வேகத்திலும் ஒரு ழகரம் சறுக்காது. அந்தத் தமிழைக் கேட்டுத்தான் நான் என் பேச்சைத் திருத்திக்கொண்டேன். எந்த வாத்தியாரும் செய்யாத வேலை அது. இன்றைக்கும் ரேடியோவில் ஒருவர் 'வாளைப்பளம்' என்றால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கொழும்பில் பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி வந்தபோது மாமா ஒரு விஷயம் சொன்னார். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தாதிக்காரன் வேலை. அந்தாதியில் முதலாவதாக வைத்து எண்ணுகிற அற்புதத் திருவந்தாதியைப் பாடிய அம்மையார், ஆறு கிலோமீட்டர் வடக்கே காரைக்காலில் பிறந்தவர். கேட்ட மாத்திரத்தில் பாடுகிற பந்தயம் நடந்ததும் இதே ஊரில்தான். திருமலைராயன் சபையில் அதிமதுர கவிராயரோடு மோதி, எமகண்டத்தில் ஏறி நின்று காளமேகம் பாடினார், அவமதித்தார்கள் என்று கோபித்து மண்மாரி பெய்யச் சபித்தார் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். "இங்க தொடங்குன ஆட்டத்தத்தான் கொழும்புல வெளயாடறாங்க" என்பார் மாமா. எனக்கு அது உண்மையாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

நேயர் விருப்பத்துக்கு என் அக்கா கார்டு போட்டாள். கொழும்பு 7 என்று முகவரி. வாரக்கணக்கில் பதில் இல்லை. 1976 கடைசியில், 'அன்னக்கிளி' பாட்டுகள் தினமும் ஓடிக்கொண்டிருந்த சமயம், ஒரு மதியம் அறிவிப்பாளர் நிதானமாக, பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக உருட்டி, "திருமலைராயன்பட்டினம்" என்று சொன்னார். நாங்கள் யாரும் ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. பட்டினம் என்போம், பஸ்ஸில் டி.ஆர். பட்டினம் என்போம். முழுப் பெயரும் ஒரு குரலில் அவ்வளவு அழகாக ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா கையில் மோர்க் கரண்டியோடு வாசற்படியில் நின்று அழுதாள். தெருவில் ஏழெட்டு வீட்டில் அதே நிலையம் ஓடிக்கொண்டிருந்ததால், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

செய்திக்கு மட்டும் முள் நகரும். காலையில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி, இரவு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. 1977 நவம்பர் 12ல் நாகப்பட்டினத்தில் புயல் அடித்தபோது கரண்ட் போய், எங்கள் கடையிலிருந்த ஒரே பேட்டரி ரேடியோவைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருந்தது. பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் போட்டோம். யார் போனார்கள், எங்கே உடைப்பு, அரிசி வருமா என்று கேட்கத்தான் அந்தப் பெட்டி. பாட்டு வைக்க யாருக்கும் மனமில்லை.

ரூபவாகினி 1982 பிப்ரவரி 15ல் தொடங்கியது, ஜப்பான் அரசின் உதவியில். முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் ஆக உயரமான பிதுருதலாகலை மலையில். வடக்கே கொக்காவிலில் ஒரு கோபுரம். நான் முஷ்டி வைத்துப் பிடித்தது அதைத்தான். ஆரம்பத்திலிருந்தே கலர். இந்தியாவில் கலர் வர அந்த ஆகஸ்ட் ஆயிற்று. ஆக, நாங்கள் தொலைக்காட்சி என்றாலே கலர்தான் என்று நினைத்த ஊர்க்காரர்கள்.

பெட்டி எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் கடல் வழிதான். எங்கள் ஊரிலும் காரைக்காலிலும் நாகூரிலும் சபராளி இல்லாத முஸ்லிம் வீடு அன்றைக்குக் குறைவு. சிங்கப்பூர், பினாங்கு போனவர்கள் எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்குவார்கள். டூ-இன்-ஒன், ஜப்பான் கேசட், அப்புறம் சோனி டிவி. சிங்கப்பூரும் இலங்கையும் இந்தியாவும் ஒரே பால்-பி முறையில் ஒளிபரப்பியதால், அங்கே வாங்கிய பெட்டி இங்கே எந்த மாற்றமும் இல்லாமல் பேசியது. அந்தக் கப்பலில் 1985ல் தீப்பிடித்து, உயிர்ச் சேதமாகி, பயணிகள் போக்குவரத்தே நின்றது. அதற்குப் பிறகு சாலிடேர், டயனோராதான் நான் அதிகம் திறந்து பார்த்த பெட்டிகள்.

முப்பதடி ஜி.ஐ. குழாய், மூன்று பக்கம் ஸ்டே கம்பி, உச்சியில் ஆன்டெனா, அதன் அடியில் பூஸ்டர். கட்டி முடித்ததும் ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் பெட்டிக்கு முன்னால், நடுவில் கூவ ஒரு பையன். "தெரியுதா?" "புள்ளியா இருக்கு." "இப்ப?" "ஆள் தெரியுது, மூஞ்சி தெரியல." பெரிய தெரு ராத்தா ஒருவர் வெளியே வராமல் கதவிடுக்கிலிருந்தே சொல்வார்: "தம்பி, இன்னம் ஒரு நூல் கெழக்க தள்ளுங்க." அவர் சொன்னால் சரியாக இருக்கும். அவர் காதும் கண்ணும் எனக்கு மீட்டர் மாதிரி.

உப்புக் காற்றுதான் எங்கள் எதிரி. ஆறு மாதத்தில் போல்ட்டு துருவேறும், ஒரு வருஷத்தில் பூஸ்டருக்குள் பச்சை பூக்கும். கிரீஸ் தடவி, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவேன். ஆனால் அதே கடல் எங்களுக்குச் சகாயமும் செய்தது. மாசியிலிருந்து வைகாசி வரை, பகல் முழுக்க வெந்த காற்று சாயங்காலம் குளிர்ந்த கடல்மேல் படுக்கும். அப்போது அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல் இரண்டுக்கும் நடுவே குழாயில் ஓடுகிற மாதிரி ஓடி வரும். மழைக்காலத்தில் புள்ளியாய் இருந்த படம் அந்த மாலைகளில் கண்ணாடியாகிவிடும். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சவுரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை சாமி. அன்று வெளியூர் உறவுகள் எல்லாம் வந்து தங்குவார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு, இரவு டிவி உள்ள வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கொழும்பைப் பார்ப்பார்கள். சிங்களச் செய்தி ஓடினாலும் எழுந்து போகமாட்டார்கள். அடுத்து தமிழ் வரும்.

1983 ஜூலையை எழுதாமல் இதை முடிக்க முடியாது. 24ம் தேதி கொழும்பில் வன்முறை தொடங்கியது. அங்கிருந்து வந்த அறிவிப்புகளில் ஊரடங்குச் சட்டம், ஊரடங்குச் சட்டம் என்றே திரும்பத் திரும்பக் கேட்டது. என்ன நடந்தது என்பதைத் தமிழோசைதான் சொல்லிற்று. அன்று எங்கள் கடை வாசலில் நின்றவர்கள் கேட்ட முதல் கேள்வி அரசியல் இல்லை. "ரேடியோவுல பேசுறவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். ராஜேஸ்வரி அம்மா எந்தத் தெருவில் இருக்கிறார், ராஜா வீட்டுக்குப் போனாரா என்று, சொந்தக்காரர்களைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். முகம் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் அவர்கள்.

அதன் பிறகு முன்போல ரேடியோ கேட்கவில்லை. பாட்டு வந்தது, நாங்களும் வைத்தோம்; ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்தோம். அகதிகள் வந்தார்கள். 1987 ஜூலை 29ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், இந்தியப் படை போனது, படை திரும்பியது. 1990ல் கொக்காவில் முகாமும் கோபுரமும் போரில் விழுந்தன. நான் முஷ்டி வைத்த திசையில் ஒன்றுமில்லாமல் போனது. கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபோது கடையை அன்று பூட்டிவிட்டேன்.

அதற்குள் கொடைக்கானல் கோபுரம் வந்துவிட்டிருந்தது. மாடி மாடியாக ஏறி, நானே கட்டிய ஆன்டெனாக்களை நானே மேற்கே திருப்பினேன். ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூலி. 1993ல் சன் டிவி, தெருவுக்குத் தெரு கேபிள். அதில் அப்துல் ஹமீத் பாட்டுக்குப் பாட்டு நடத்த வந்தபோது, இளம் பிள்ளைகள் அவரைப் புது மனுஷராகப் பார்த்தார்கள். அக்கா மட்டும் குரலைக் கேட்டதும் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

போன தை மாதம் பெரிய தெருவில் அந்த ராத்தாவின் வீட்டை இடிக்கப் போவதாகப் பேரன் வந்து சொன்னான். மாடியில் ஒரு குழாய் நிற்கிறது, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். ராத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. அறுபது தாண்டியவன் மாடி ஏறக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், ஏறினேன். குச்சிகள் பாதி காக்கை உட்கார்ந்து வளைந்திருந்தன. யூ கிளாம்ப் துருவேறி, குழாயோடு ஒன்றாக இறுகிப்போயிருந்தது. ஸ்பேனருக்கு அசையவில்லை, எண்ணெய் விட்டும் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், இந்த ஒன்றை நான் மேற்கே திருப்பவே இல்லை. திருப்ப வேண்டாம் என்று ராத்தா சொல்லியிருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மினாராவைப் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு முஷ்டி, சரியாக இருந்தது. பிறகு ரம்பத்தை வாங்கிக் குழாயை அடியில் அறுத்தேன்.