பழந்துப்பாக்கிப் பயிற்சியின் வரலாறு

ஒரு காலத்துப் போர்க்கருவி பிறிதொரு காலத்தில் வினோதப் பொருளாதல் உலகியல்பு. ஆயின், கைவிடப்பட்ட கருவியொன்றை மக்கள் விரும்பியெடுத்துப் பழைய முறைப்படியே இயக்கக் கற்று, அதனால் அழியவிருந்த கைத்தொழிலொன்றையும் காத்தனரெனின், அஃது ஆராயத்தக்க சரித்திரமன்றோ? அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டு யாம் சுருக்கியுரைப்பாம்.

பண்டைத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் குழல்வாயின் வழியே இடப்படும். வெடியுப்பு முக்காற்பங்கும், எஞ்சிய காற்பங்கிற் கரியும் கந்தகமும் கூட்டிய கருமருந்தை அளந்து சொரிந்து, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டிற் பொதிந்த ஈயக்குண்டைக் கஜக்கோலால் அடிவரை செலுத்துவர். சக்கிமுக்கிக்கல் எஃகில் மோதிச் சிந்தும் பொறி, புறத்தேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றித் துளைவழியே உட்புகும். விசையை இழுத்தபின்னும் வெடிக்குமுன் கணப்பொழுது கழியும். அதுகாறும் கை அசைதலாகாது. மீட்டும் சுடவேண்டின், இத்தனையும் மறுபடி செய்தல் வேண்டும். இப்பொறுமையே இப்பயிற்சியிற் புகுந்தாரை விடாது பிணிக்கும் கயிறாயிற்று.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தோட்டாவைப் பின்புறத்தே இடும் துப்பாக்கிகள் பெருகின. ஆங்கில அரசினர் தம் என்ஃபீல்டுத் துப்பாக்கிகளை 1866-ஆம் வருஷம் முதலாக ஸ்னைடர் முறைப்படி மாற்றியமைக்கலாயினர். அமெரிக்காவிலும் பழையன மூலையிற் கிடந்து துருவேறின. கென்டக்கி, டென்னசி முதலிய மாகாணங்களின் மலைப்புறங்களில் மட்டும், பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கியாற் குறிபார்த்துச் சுட்டுப் பந்தயம் வெல்லும் வழக்கம் முற்றும் ஒழியாதிருந்தது.

1931-ஆம் வருஷத்தில் ஒஹையோ மாகாணத்துப் போர்ட்ஸ்மத் நகரிற் பழந்துப்பாக்கிப் பந்தயமொன்று நிகழ்ந்தது. அதன்வழி எழுந்த ஊக்கத்தால், 1933-இல் வாய்வழித் துப்பாக்கியாளரின் தேசிய சங்கம் தோன்றிற்று. 1939-இல் அச்சங்கம் தனக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கியது. பின்னர் இந்தியானா மாகாணத்து ஃபிரண்ட்ஷிப் என்னும் சிற்றூர் அவர்களுக்கு நிலையான களமாயிற்று.

அவர்கள் முயன்ற காலத்தின் அருமையை நோக்குமின். குழலடித்தலும், அதனுட்புறத்தே சுருண்டோடும் வரிப்பள்ளம் வெட்டுதலும், பூட்டமைத்தலும் அறிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். சுடுவார் இலராயின் செய்வித்துக்கொள்வாரும் இலர். செய்விப்பார் இலராயின் தொழிலும் இல்லை. பந்தயம் நாடினோர் தொகை பெருகவே, தொழிலாளரைத் தேடுவாரும் தோன்றினர். 1954-இல் டர்னர் கிர்க்லாண்டு என்பார் டென்னசியின் யூனியன் நகரில் இத்துப்பாக்கிகளுக்கும் உறுப்புகளுக்குமென ஒரு வாணிகத்தை நிறுவினார். 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பெற்ற உள்நாட்டுப்போர் நூற்றாண்டு விழாவும் மக்களின் ஆர்வத்தை வளர்த்தது. வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்னும் கம்மியர், பழங்கருவிகளைக் கொண்டே இரும்பைக் காய்ச்சிக் குழலடிப்பது முதலாக முழுத் துப்பாக்கியையும் செய்துகாட்டினார்; 1969-இல் அச்செய்கை திரைப்படமாகவும் வெளிவந்தது.

1971-இற் பல தேசத்துச் சங்கங்களையும் இணைக்கும் சர்வதேசக் குழு ஏற்பட்டது. அதன் பந்தயங்களில் அரைமணி நேரத்திற் பதின்மூன்று குண்டுகள் சுடலாம். அவற்றுட் சிறந்த பத்தே கணக்கிற் கொள்ளப்படும். பழமையான துப்பாக்கிகளும் அவற்றின் புதுப்படிகளும் வெவ்வேறு பிரிவினவாம்.

இதன்கண் அபாயமும் உண்டு. புகையிலா நவீன மருந்தைப் பழங்குழலில் இட்டாற் குழல் பிளந்து, சுட்டவனையே மாய்த்தலும் கூடும். முன்னோர் முறையை அறியாது முன்னோர் கருவியை மட்டும் கைக்கொள்வார்க்கு இஃதொரு எச்சரிக்கை.

கண்ணாடிப் பேழையில் வைத்த துப்பாக்கி தன் வடிவத்தை மட்டுமே காட்டும். அதனைச் செய்யும் வகையையும் செலுத்தும் வகையையும் கூறாது. அவை கையினின்று கைக்குச் செல்வன. ஒரு தலைமுறை வாங்கத் தவறின், அடுத்த தலைமுறை அரிதின் முயன்றே மீட்டல் வேண்டும். நம் இல்லங்களிலுள்ள முதியோரிடத்தும் இத்தகைய கைவன்மைகள் எத்தனையோ உள. அவற்றைக் கேட்டறிதலோடு அமையாது, இளைஞர் தம் கையாலும் செய்து பழகுவாராக.