வல்லவன் தலையில் இருப்பது என்ன?



அச்சரப்பாக்கம் என்னும் எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னோர் கூறும் கதையை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இவ்விடத்தே அச்சு முறிந்து நின்றதாம். அதனால் அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றதாம். அவ்வூர்க்காரனாகிய நானும் இன்று ஓர் அச்சைப் பற்றிய செய்தியோடுதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க நாட்களில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தச்சர் மகன் ஒருவன் என் வகுப்பில் படித்தான். வாய்பாடு அவனுக்கு வரவே வராது. இன்று ஒப்புவித்ததை நாளை மறப்பான். ஆனால் தெருவில் மாட்டுவண்டி ஒன்று போனால், தலை நிமிராமலே, ‘இது இன்னார் வண்டி, வலப்பக்கத்து அச்சு தேய்ந்துவிட்டது’ என்று பக்கத்திலிருப்பவனிடம் சொல்லுவான். பாடவேளையில் பேசிய குற்றம் ஒன்றே அன்று எனக்குத் தெரிந்தது. ‘உன் தலையில் ஒன்றும் நிற்காது’ என்று எல்லார் முன்னிலையிலும் கூறினேன். அவ்வாண்டோடு அவன் பள்ளியை விட்டு நின்றான்.

நான் கூறியது பிழை என்பதை அறியப் பல்லாண்டுகள் ஆயின. அதனை எனக்கு உணர்த்தியவர்கள் சதுரங்கத்தை ஆராய்ந்த உளநூல் அறிஞர்கள்.

சதுரங்கம் நம் பாரத நாட்டில் பிறந்த ஆட்டம் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. எங்கள் ஊருக்கு வடகிழக்கே, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022ஆம் ஆண்டு உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. அதிலே 16 வயதே நிரம்பிய சென்னை இளைஞர் குகேசு தொடர்ந்து 8 ஆட்டங்களில் வென்றார். 2024இல் உலக வாகையரும் ஆனார். இத்தகையோரைக் கண்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? ‘பிறவியிலேயே அபார ஞாபகசக்தி’ என்கிறோம். அது உண்மைதானா?

நெதர்லாந்து நாட்டு அறிஞர் அட்ரியான் டி குரூட் இவ்வினாவை முறைப்படி ஆராய்ந்து 1946இல் நூலாக வெளியிட்டார். ஆட்ட நிலை ஒன்றைக் காட்டி, நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுமாறு ஆட்டக்காரர்களைக் கேட்டார். தலைசிறந்தவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரரைவிட மிகப் பல காய்நகர்த்தல்களை முன்கூட்டி எண்ணிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்போம் அன்றோ? அவ்வாறு பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், சில நொடிகளே காட்டி மறைத்த பலகையை அவர்கள் ஏறத்தாழ முழுமையாகத் திரும்ப அமைத்துக் காட்டினர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவர் 1973இல் இதனை மேலும் சோதித்தனர். உண்மையான ஆட்டத்தின் பலகையை 5 நொடி காட்டியபோது, வல்லவர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் 4 காய்களையே வைத்தார். பின்னர் அதே காய்களைப் பொருளின்றித் தாறுமாறாக இறைத்துக் காட்டினர். வல்லவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டனர்! பிற்கால ஆய்வுகளில், இங்கும் வல்லவருக்குச் சிறிதளவு மேம்பாடு உண்டு எனக் கண்டனர். ஆயினும் அது மிகச் சிறியது. எனவே வல்லவரிடம் இருப்பது எதையும் விழுங்கும் பொது ஞாபகசக்தி அன்று. எழுத்தறிந்தவன் எழுத்துகளைக் கூட்டாமல் சொல்லாகவே படிப்பதுபோல, அவர் காய்களைத் தனித்தனியே காணாது, பழகிய கூட்டங்களாகக் காண்கிறார்.

இன்னொரு சோதனை எனக்கு மேலும் வியப்பளித்தது. சேசும் ஆண்டர்ஸ் எரிக்சனும் 1980இல் வெளியிட்டது அது. கல்லூரி மாணவர் ஒருவர் முதலில் 7 இலக்கங்களையே கேட்டபடி திருப்பிச் சொல்ல வல்லவராக இருந்தார். இருநூறு மணிக்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ 80 இலக்கங்களைச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி மனத்தில் இருத்தினார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது பழையபடி ஆறளவிலேயே நின்றுவிட்டார். புதியது, தாம் முன்பே நன்கறிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டே மனத்தில் நின்றது.

பயிற்சியே யாவும் என்று நான் கூறவில்லை. அர்ஜென்டினா நாட்டுச் சதுரங்க ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்றின்படி, வல்லவர் நிலையை எய்த ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரமே போதுமானதாக இருந்தது. மற்றொருவருக்கோ 23,000 மணிக்கு மேல் தேவைப்பட்டது. மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு பாடத்தில் பின்தங்கியதைக் கண்டு ‘தலையில் ஒன்றும் நிற்காது’ எனத் தீர்ப்புரைக்கும் உரிமையை எந்த ஆய்வும் ஆசிரியனுக்குத் தரவில்லை.

அந்தத் தச்சர் மகனை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எனக்கு வெறும் சத்தமாகக் கேட்டது அவனுக்குச் சதுரங்கப் பலகைபோலப் பொருள் நிறைந்ததாக இருந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகளின் ஓசையைத் தந்தையின் பட்டறையிலே கேட்டுக் கேட்டு அவன் தரம் பிரித்து வைத்திருந்தான். ஒரு சக்கரத்திற்கு ஆரக்கால் எத்தனை, இரு சக்கரத்திற்கு எத்தனை, ஏழு சக்கரத்திற்கு எத்தனை என்று நான் தொடங்கியிருந்தால், வாய்பாடு அவனுக்குப் பற்றுக்கோடு பெற்று நின்றிருக்கலாம். ஆசிரியப் பயிற்சியிலே உளநூல் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். எனினும் அவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் மறதிக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளையை அருகில் அழையுங்கள். அவனுக்குத் தெரியாததை அல்ல, தெரிந்ததைக் கேளுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.