மூன்று பேர், ஒரு கேமரா, 1968

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் படம் எடுக்க வருகிறவர்களின் கோப்புகள் சில, நான் செங்கல்பட்டு வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது என் மேஜை வழியாகப் போனதுண்டு. ஆட்கள் பட்டியல், வேன்கள், ஜெனரேட்டர், விளக்குகள், தொல்லியல் துறை அனுமதி, காவல்துறைக்கு நகல் என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். அரை மணி நேரப் படத்துக்கு முப்பது பேர் வருவார்கள். ஆகவே, மூன்றே பேர் வந்து இந்தியாவைச் சுற்றி ஒரு தொலைக்காட்சித் தொடரையே எடுத்துப் போன கதை எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த மூவர்: இயக்குநர் லூயி மால், கேமராவுக்கு எத்தியேன் பெக்கேர், ஒலிப்பதிவுக்கு ழான்-குளோத் லொரோ. மால் ஏற்கெனவே பெயர் பெற்றவர். இளம் வயதில் கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து எடுத்த கடலடிப் படத்துக்கு 1956-ல் கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது. அப்படிப்பட்டவர் 1968 ஜனவரியில் கதை, திரைக்கதை, முன்திட்டம் எதுவுமில்லாமல் இங்கே வந்து இறங்கினார். சுமார் நான்கு மாதம் சுற்றினார்கள். 16 மி.மீ. படச்சுருள். 400 அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவர்கள் எடுத்ததோ ஏறக்குறைய 30 மணி நேரம். குமாஸ்தா புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த அளவுச் சுருளானால் நூற்றறுபதுக்கு மேல் வேண்டும்!

பாரிசில் சுசான் பரோன் அதைத் தொகுத்தார். ஏழு பகுதிகள் கொண்ட தொடர் 1969-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது. ‘கல்கத்தா’ தனிப் படமாயிற்று. தொடரின் பெயர் ‘லேந்த் ஃபாந்தோம்’. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஃபாந்தோம் என்றால் ஆவி. கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது. இந்தியாவைத் தனக்குப் புரியவில்லை என்று மால் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இரண்டாம் பகுதி முழுக்க நம் சென்னை. மயிலாப்பூர் கபாலீசுவரர் தேர் வருகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்பு நடக்கிறது. கலாக்ஷேத்திராவில் நாட்டிய வகுப்பு. (அன்று திருவான்மியூர் சென்னை மாநகராட்சிக்குள் வரவில்லை, நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.)

முதல் பகுதியின் தலைப்பு ‘இயலாத கேமரா’. வயலில் இருக்கும் பெண்கள் தங்களைப் படம் எடுப்பவர்களையே உற்றுப் பார்க்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும், “கேமராவைப் பார்க்காதீங்க” என்று அதட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் தொகுக்கும்போது வெட்டியிருப்பார்கள். மால் வெட்டவில்லை. நாம் பார்க்க வந்தோம், அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு தொடர் முழுக்க வருகிறது. பின்னணிக் குரலும் அவருடையதே.

1970-ல் பிபிசி இதை ஒளிபரப்பியபோது லண்டனிலிருந்த இந்தியர்கள் கொதித்தார்கள். நாட்டின் வறுமையை மட்டும் காட்டி அவமானப்படுத்துகிறது என்றார்கள். நம் அரசு நிறுத்தச் சொன்னது, பிபிசி மறுத்தது, அதன் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தார்கள். புகாரில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாலு மாதம் சுற்றிய ஒருவர் சாதியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் அவசரத் தீர்ப்புகள் சொல்லும் இடங்கள் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி கொல்லைப்புறத்தையே படம் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் நஷ்டம் யாருக்கு? சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975 ஆகஸ்ட் 15-ல்தான். 1968-ல் மயிலாப்பூர் மாடவீதிக்கு அனுப்ப நம்மிடம் ஒரு தொலைக்காட்சிக் கேமரா கிடையாது. அந்தத் தேர்த் திருவிழா வண்ணத்திலும் ஒலியோடும் இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால், அது நாம் கோபித்துக்கொண்ட அந்த மனிதரால்தான்.

2007-ல் அமெரிக்காவில் இது டிவிடியாக வந்தது. பிற்பாடு எனக்கு ஒரு பிரதி கிடைத்தது. மால் பேசப் பேச நான் பெருமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் மனைவி, “சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்க. அந்த ஜனங்களைப் பார்க்க விடுங்க. எங்க பெரியம்மா மாதிரியே ஒருத்தி நிக்கறா” என்றாள். குறைத்தேன். அவள் சொன்னது சரி. விமர்சகர்களும் அமைச்சர்களும் சண்டை போட்டது அந்தக் குரலோடு. முகங்களோடு யாருக்கும் வழக்கில்லை.

மயிலாப்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டாம் பகுதியைத் தேடிப் பாருங்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தில் உங்கள் தாத்தா இருக்கக்கூடும்.