மட்டமும் செறிவும்: ஏசி எண்ணெயை ஒளியால் அளந்த வரலாறு

ஏசி கம்ப்ரசருக்குள் உராய்வைத் தணிக்க ஊற்றிய எண்ணெயில் ஒரு பகுதி, குளிர்பதனப் பொருளோடு சேர்ந்து குழாய்களுக்குள் போய்விடுகிறது. இதை முற்றிலும் தடுக்க இயலாது. போனது திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். வராவிட்டால் ஆவியாக்கிக் குழாயின் உட்சுவரில் படலமாகத் தங்கி வெப்பம் கடப்பதைக் கெடுக்கும். கம்ப்ரசர் எண்ணெயின்றி ‘ஜாம்’ ஆகும். சுற்றிவரும் கலவையின் நிறையில் எண்ணெய் எத்தனை விழுக்காடு என்பதை எண்ணெய்ச் சுழற்சி விகிதம் என்பர். எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, எந்தச் செறிவில் இருக்கிறது என்று அளப்பது வேறு. இத்துறையின் வரலாற்றை இந்த வேறுபாட்டை வைத்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டறிந்த ஆர்-12 என்ற குளிர்பதனப் பொருள், கனிம எண்ணெயோடு நன்றாகக் கலக்கும். அதனால் எண்ணெய் கரைசலாகவே திரும்பி வந்தது. மெக்கானிக்குக் கம்ப்ரசரின் ‘சைட் கிளாஸ்’ என்ற பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் மட்டம் தெரிந்தால் போதுமானதாக இருந்தது. விகிதம் வேண்டுமென்றால் தராசுதான் வழி. வெற்றிடமாக்கிய சிறு உருளையை எடை போட்டு, திரவக் குழாயிலிருந்து கலவையைப் பிடித்து, மீண்டும் எடை போடுவார்கள். பிறகு குளிர்பதனப் பொருளை மெல்ல வெளியேற்றுவார்கள். அவசரப்பட்டால் எண்ணெய் நுரைத்து அதனுடனேயே போய்விடும். 200 கிராம் கலவையில் 6 கிராம் எஞ்சினால் விகிதம் 3 விழுக்காடு. அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் 41.4 தரநிலை இம்முறையை வகுத்துள்ளது. துல்லியமான முறைதான். ஆனால் அது சொல்வது மாதிரி எடுத்த அந்தக் கணத்தை மட்டுமே. ஒவ்வொரு முறையும் இயந்திரத்திலிருந்து கொஞ்சம் எண்ணெயும் குறைகிறது.

ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஆர்-12-ஐ விலக்க வழிவகுத்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு கலக்காது. கார் ஏசிகளுக்குப் பாலியால்கிலீன் கிளைக்கால், பிறவற்றுக்குப் பாலியோல் எஸ்டர் எனப் புதிய எண்ணெய்கள் வந்தன. எண்ணெய் திரும்புமா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. ஓடும் கலவையை மாதிரி எடுக்காமலே அளக்கும் முயற்சிகளும் இக்காலத்தில் பெருகின. அமெரிக்காவில் பாஸ்டியன், பேட், பெர்க்லஸ் ஆகியோர் அடர்த்தி, பாகுநிலை, ஒலியின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு அளந்து 1988-இல் கட்டுரைகள் வெளியிட்டனர்.

ஒளி இவற்றுக்குச் சற்றுப் பின் வந்தது. 1993-இல் சுசுகி குழுவினர் கலவை ஒளியை உறிஞ்சும் அளவைக் கொண்டு விகிதம் கண்டனர். மற்றொரு வழி ஒளிவிலகல் எண். ஜெர்மனியின் யெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1874-இல் விளக்கிய ஒளிவிலகல்மானியின் கருத்தே அது. அக்கருத்து இப்போது உயரழுத்தக் குழாய்க்குள் நுழைந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நியூவெல் 1996-இல் இதை வெளியிட்டார். ஜப்பானின் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தில் ஃபுகுதா குழுவினர், கலவையில் விலகிச் செல்லும் லேசர்க் கற்றையின் இடப்பெயர்ச்சியை அளந்து 2004-இல் செறிவைக் கணித்தனர்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒளிவிலகல் முறையின் வலிமையும் இடரும் ஒருசேரத் தெரியும். ஆர்-134ஏ திரவத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.2; எண்ணெயினுடையது 1.45. ஆகவே ஒரு விழுக்காடு எண்ணெய் கூடினால் எண் தோராயமாக 0.0025 உயரும். ஆனால் வெப்பநிலை 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறும்போது, இத்திரவத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 1207 கிலோவிலிருந்து 1147 கிலோவாகக் குறைகிறது. ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 0.01 இறங்குகிறது. திரவம் மூன்று நான்கு பாகை குளிர்ந்தாலே ஒரு விழுக்காடு எண்ணெய் கூடியதுபோல உணரி காட்டிவிடும். எனவே ஒளியுணரியின் அருகிலேயே வெப்பநிலை உணரி இல்லாத வடிவமைப்பை நம்ப முடியாது. திரவத்தில் குமிழி வந்தாலும் அளவீடு தடுமாறும். அதனால்தான் உணரியைக் குமிழியற்ற திரவக் குழாயில் பொருத்துகிறார்கள்.

சந்தைக்குள் எளிதாக நுழைந்தது செறிவுமானி அல்ல, மட்டம் பார்க்கும் கண்ணாடிக் கூம்பு. வணிகக் கம்ப்ரசர்களில் இதைக் காணலாம். கூம்புக்குள் செலுத்திய அகச்சிவப்பு ஒளி, வெளியே வாயு இருந்தால் முழு அக எதிரொளிப்பால் திரும்பி வரும். எண்ணெய் சூழ்ந்தால் வெளியேறிவிடும். எளிய, உறுதியான அமைப்பு. ஆனால் கண்ணாடியின் எண் 1.5, படுகோணம் 45 பாகை என்று கொண்டால், சூழும் பொருளின் எண் 1.06-ஐத் தாண்டியதுமே ஒளி வெளியேறும். 1.2 எண் கொண்ட திரவக் குளிர்பதனப் பொருளும் அக்கூம்புக்கு எண்ணெய்தான். நின்றிருந்த கம்ப்ரசருக்குள் குளிர்பதனப் பொருள் கரைந்து எண்ணெய் நீர்த்துக் கிடக்கும்போதும் அது ‘எண்ணெய் இருக்கிறது’ என்றே சொல்லும். தாங்கிகள் தேய்வது அப்போதுதான்.

ஆகவே மட்ட உணரி பொருத்திய கம்ப்ரசர்களில் எண்ணெய்த் தொட்டியின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். அவ்விரண்டிலிருந்தும் எண்ணெய் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணிக்கலாம். ஓடும் இயந்திரத்தில் செறிவை நேரடியாக அளக்கும் ஒளியுணரி வீட்டு ஏசிகளில் இன்னும் இடம்பெறவில்லை. ஆய்வகத்தில் அது காட்டும் எண் சரியா என்பதை இன்றும் அந்தச் சிறு உருளையும் தராசும்தான் உறுதிசெய்கின்றன.