யோசேப்புக்கு இரண்டு தந்தையர்

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தையும் லூக்காவின் மூன்றாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழுந்தே தீரும். யோசேப்பின் தந்தை யார்? யாக்கோபு என்கிறார் மத்தேயு. ஏலி என்கிறார் லூக்கா. மத்தேயுவின் வம்சவரிசை தாவீதிலிருந்து சாலொமோன் வழியாக, யூதேயாவின் அரசர்களைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. லூக்காவின் வரிசையோ தாவீதின் மற்றொரு மகனான நாத்தானைப் பற்றிக்கொண்டு செல்கிறது. தாவீதுக்கும் யோசேப்புக்கும் நடுவில் இவ்விரண்டும் ஐயத்துக்கிடமின்றிச் சந்திப்பது சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இரு பெயர்களில் மட்டுமே.

இத்தகைய முரண்கள் ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாத்திகர் வினவினார், நம்பிக்கையாளர் விடை தேடினார் என்னும் சித்திரம் இரு தரப்புக்குமே வசதியானது. ஆனால் திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளைப் புரட்டினால், இவ்வினாக்களை முரணின்மையில் பெரும் அக்கறை கொண்ட கிறித்தவ அறிஞர்களே எழுப்பிக்கொண்டு உறக்கமிழந்திருப்பதைக் காண்கிறோம்.

3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த யூலியஸ் ஆப்ரிக்கானஸ் அவர்களுள் ஒருவர். உலக வரலாற்றைக் காலவரிசைப்படுத்த முயன்ற பெரும் படிப்பாளி. அவர் அரிஸ்தீதஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தின் பகுதியை யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றில் காத்து வைத்திருக்கிறார். பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்க வேண்டும், பிறக்கும் தலைமகன் இறந்தவனின் பெயருக்கே உரியவன் என்பது மோசேயின் சட்டம். இதைத்தான் ஆப்ரிக்கானஸ் திறவுகோலாகக் கொள்கிறார். எஸ்தா என்ற பெண் மாத்தானை மணந்து யாக்கோபைப் பெற்றாள். மாத்தான் இறந்தபின் மெல்கியை மணந்து ஏலியைப் பெற்றாள். ஏலி மகப்பேறின்றி இறக்க, தாய்வழிச் சகோதரனான யாக்கோபு அவன் மனைவியை ஏற்றான். பிறந்தவர் யோசேப்பு. ஆகவே அவர் குருதியால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன்.

அழகான தீர்வுதான். ஆயினும் இன்று நம் கையிலுள்ள லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் இடையே மேலும் இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஆப்ரிக்கானஸ் அவற்றை அறிந்ததாகத் தோன்றவில்லை. முரணைத் தீர்க்க வந்த விளக்கத்துக்கே இன்னொரு விளக்கம் வேண்டியிருக்கிறது!

அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அதே கடிதத்தில் அவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். கிறிஸ்து அரசரும் குருவுமானவர் என்று காட்டவே பெயர்களை இப்படிக் கலந்து எழுதினார்கள் என்ற பக்திபூர்வமான சமாதானம் அன்று உலவியது. பொய்யைக் கொண்டு கடவுளைப் புகழ்வதா என்று அதை அவர் சீறித் தள்ளுகிறார். அடுத்து, தமது விளக்கத்துக்குச் சாட்சியம் இல்லை, இதனினும் மேலான ஒன்று கிடைக்காததால் இதைக் கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறார். பிற்கால உரைகாரர்கள் பலர் தீர்வை எடுத்துக்கொண்டு இந்த ஒப்புதலைக் கைவிட்டனர்.

அவர் காலத்தவரான ஒரிஜன் இன்னும் துணிந்தவர். இயேசு ஆலயத்திலிருந்து வணிகரை விரட்டியது யோவானில் பணியின் தொடக்கத்தில் வருகிறது. மற்ற மூவரிடமும் இறுதி வாரத்தில். எழுத்தளவில் இவை பொருந்தாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரிஜன், ஆன்மிக உண்மையைக் காக்கும்பொருட்டுச் சுவிசேஷகர்கள் புறநிகழ்வின் வரிசையைத் தளர்த்தினார்கள் என்கிறார். இலக்கணம் பயின்ற நமக்கு இது வழுவமைதி. வழுவென்று ஏற்றுக்கொண்டே காரணங்காட்டி அமைப்பது.

இந்த நெகிழ்ச்சி நீடிக்கவில்லை. சுமார் 400இல் அகஸ்டீன் சுவிசேஷகர்களின் ஒருமைப்பாடு குறித்துத் தனிநூலே எழுதினார். நினைவில் எழுந்த வரிசையில் அவர்கள் எழுதியிருக்கலாம், சொல் வேறுபடினும் கருத்து ஒன்றே என்ற அவருடைய வாதத்தில் நிதானம் இருந்தது. 1537இல் ஒசியாண்டர் என்ற ஜெர்மானிய லுத்தரன் அறிஞரோ எந்தச் சொல்லும் பிசகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். விளைவு, யவீருவின் மகள் ஒருமுறைக்கு மேல் மரித்து ஒருமுறைக்கு மேல் உயிர்த்தெழ வேண்டியதாயிற்று. பாவம் அந்தச் சிறுமி.

சில வேளைகளில் சமரசம் உரையிலிருந்து மூலத்துக்குள்ளேயே நழுவிவிடுகிறது. யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்பது மத்தேயு. தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்தான் என்பது அப்போஸ்தலர் நடபடிகளின் கிரேக்க மூலம். அதே வசனத்தை லத்தீன் வுல்கேட்டில் பாருங்கள். அங்கே அவன் தொங்கி, பிறகு வெடிக்கிறான். ஒரே ஒரு சொல்லில் முரண் மறைந்தது.

அந்தச் சொல் லூக்கா எழுதாதது. நான்கு நூல்களை இசைவிக்க முடியுமா என்ற வினாவுக்குப் பெரும்பாலும் முடியும் என்றே விடை சொல்லலாம். ஆனால் நால்வரில் எவரும் எழுதாத ஐந்தாவது நூலொன்றை அதற்காக நாம் எழுதியாக வேண்டும் என்பதே நம் கருத்து.

அந்த ஐந்தாவது நூல் உண்மையிலேயே எழுதப்பட்டது. ஆப்ரிக்கானஸுக்கும் முன்பே, ஏறத்தாழ 170இல், உரோமையில் ஜஸ்டினிடம் பயின்ற தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் அறுத்துக் கோத்து ஒரே கதையாக்கினார். தியாத்தெசரோன் என்பது அதன் பெயர். பொருந்தாத வம்சவரிசைகள் இரண்டையும் அவர் விட்டுவிட்டார். சுரியானி மொழி பேசிய திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாக அதுவே வாசிக்கப்பட்டது. 373இல் மறைந்த எபிரேம் என்ற பெருங்கவிஞர் உரை எழுதியது அதற்குத்தான்.

5ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சீர் நகரின் ஆயரான தியோடொரேட் தமது ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் இந்நூலின் 200க்கும் மேற்பட்ட பிரதிகளைக் கண்டு, அவற்றைத் திரட்டி அகற்றிவிட்டு, நால்வரின் சுவிசேஷங்களை வைத்தார். தாத்தியான் பதிதர் என்பதும், இயேசு தாவீதின் வழியினர் என்று காட்டும் பகுதிகளை நீக்கினார் என்பதும் அவர் சொல்லும் காரணங்கள். மக்கள் அதைச் சுருக்கமான நூலென்று கருதிக் கள்ளமின்றியே பயன்படுத்தினார்கள் என்பதையும் அவரே பதிவு செய்கிறார். பதித அச்சத்தில் நிகழ்ந்த இந்த நூலகற்றலை நம்மால் மனமுவந்து பாராட்ட இயலவில்லை. எனினும் அதன் பயனாக முரண்கள் அத்தனையும் மீண்டும் பீடமேறின என்பதை மறுப்பதற்கில்லை. யாக்கோபும் ஏலியும் திரும்பி வந்தார்கள்.

தாத்தியானின் நூல் முழுமையாக இன்று இல்லை. எபிரேமின் உரையிலுள்ள மேற்கோள்கள், ஓர் அரபு மொழியாக்கம், 546ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஃபுல்டா லத்தீன் ஏடு முதலியவற்றைக்கொண்டே ஆய்வாளர்கள் அதை மீட்டமைக்க முயன்று வருகின்றனர். எபிரேமின் உரைப்படி நூல் யோவானின் முதல் வாக்கியத்தோடு தொடங்குவதாகத் தெரிகிறது. ஃபுல்டா ஏடு லூக்காவின் முன்னுரையோடு தொடங்குகிறது. தாத்தியான் நீக்கிய வம்சவரிசையும் ஃபுல்டா ஏட்டில் இருக்கிறது.