எதிரொலிப் பெட்டியின் கதை



மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவினால், சிறிது பொழுது கழித்து மலையும் நம்மைப் பார்த்துக் கூவும். இளமையில் இதைக் கேட்டு மகிழாதார் இலர். ஒலி காற்றின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கின்றது. ஆதலின், 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதித் திரும்பும் குரல், ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு கழித்து நம் செவியை வந்தடைகின்றது. இயற்கையின் இவ்விளையாட்டை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துக் காலால் மிதித்து ஏவல் கொள்ளவும் மனிதன் கற்றுக்கொண்டான். மின்சாரக் கிதார் வாசிப்போர் அப்பெட்டியை ‘டிலே பெடல்’ என்று வழங்குவர். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

இதைப் பற்றிப் பேச என்னைத் தூண்டியவன் என் தமக்கையின் மகன். கல்லூரியில் படிப்பவன், ஓய்வு நேரத்தில் கிதார் பயில்பவன். “மாமா, ஒரே ஒரு டிலே பெடல் வாங்குவதற்குத்தான் பணம் சேர்த்திருக்கிறேன். என் பெடல் போர்டில் இடமும் ஒன்றிற்குத்தான் இருக்கிறது. எல்லா வகைப் பாட்டுக்கும் உதவக்கூடியதாக எதை வாங்கலாம்?” என்று கேட்டான். “மிக நீண்ட எதிரொலி தரும் பெட்டி எதுவோ, அதை வாங்கு” என்று நான் சட்டென விடை சொல்லிவிட்டேன். அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது அவ்விடை தவறு என்பது புலனாயிற்று. பிள்ளை ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். என் சொல்லை நம்பி அதை வீணாக்கிவிடக் கூடாதே என்ற கவலை பிறந்தது. ஆகவே மறுநாள் அவனை அழைத்து, இப்பெட்டி பிறந்து வளர்ந்த கதையைச் சொன்னேன். அதுவே இது.

ஒலியைப் பிடித்து வைத்துப் பிறகு கேட்க வேண்டுமாயின், முதலில் அதை எதிலேனும் பதிய வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன் என்பார் 1898-ஆம் ஆண்டில் எஃகுக் கம்பியில் காந்த முறையால் ஒலியைப் பதியும் கருவியை அமைத்தார். 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் பிளாய்மர், இரும்பு ஆக்சைடுத் தூள் பூசிய நாடாவைக் கண்டார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டோபோன்’ என்ற ஒலிநாடாக் கருவி மக்கள் முன் வைக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அக்கருவி அமெரிக்காவை அடைந்தது. பிங் கிராஸ்பி என்னும் பாடகர் 1947-இல் தம் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து ஒலிபரப்பலானார். ஆக, கிதாரின் எதிரொலிக்கு வானொலியும் ஒருவகையில் செவிலித்தாய் எனலாம்.

அந்தக் கிராஸ்பி, 1949-ஆம் ஆண்டளவில், லெஸ் பால் என்ற கிதார்க் கலைஞருக்கு ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாக் கருவி ஒன்றை அளித்தார். லெஸ் பால் வாசிப்பிலும் வல்லவர். கருவிகளைப் பிரித்துக் கோப்பதிலும் வல்லவர். அக்கருவியில் கூடுதலாக ஒரு ‘ஹெட்’டைப் பொருத்தி, ஒலியின்மேல் ஒலியை அடுக்கும் வித்தையைச் செய்தார். அவரும் மேரி ஃபோர்டும் 1951-இல் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கேட்டோர், இரண்டே பேர் இத்தனை ஒலிகளை எழுப்பினரா என வியந்தனர்.

நாடாவில் எதிரொலி எவ்வாறு பிறக்கின்றது? ஓடும் நாடா முதலில் பதிவு ஹெட்டைக் கடக்கின்றது; பின்னர் வாசிப்பு ஹெட்டைக் கடக்கின்றது. இரண்டிற்கும் இடையே 5 சென்டிமீட்டர் தூரம் இருந்து, நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுமாயின், பதிந்த ஒலி ஏறத்தாழ 0.13 வினாடி கழித்து மீண்டும் கேட்கும். நாடாவின் வேகத்தைப் பாதியாக்கினால் அந்த நேரம் இரு மடங்காகும். வாசித்த ஒலியில் ஒரு பகுதியை மறுபடியும் பதிவு ஹெட்டுக்கே அனுப்பினால், எதிரொலிக்கு எதிரொலி, அதற்கும் எதிரொலி எனத் தொடர்ந்து பிறக்கும். ஒவ்வொரு முறையும் ஒலியின் கூர்மை சிறிது மழுங்கும். இம்மழுக்கத்தை மறவாதீர்கள்; கதையின் உயிர்நிலை அதுவே.

1950-களின் நடுவில் மெம்பிஸ் நகரில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய சாம் பிலிப்ஸ், இரண்டு ஒலிநாடாக் கருவிகளைக் கொண்டு இத்தகைய குறுகிய ஒற்றை எதிரொலியை எழுப்பினார். எல்விஸ் பிரெஸ்லியின் தொடக்க கால இசைத்தட்டுகள் பலவற்றில் அதைக் கேட்கலாம். ஆனால் இங்கே ஓர் இடர் எழுந்தது. இசைத்தட்டில் கேட்ட ஒலியை மேடையில் எதிர்பார்த்து மக்கள் வந்தனர். பதிவு நிலையத்தின் கனத்த கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வது எங்ஙனம்?

இவ்விடரைத் தீர்த்தவர், இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் வாழ்ந்த ரே பட்ஸ். அவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் உள்ளேயே ஒலிநாடாச் சுருளை அமைத்து, ‘எக்கோசானிக்’ எனப் பெயரிட்டார். செட் அட்கின்ஸ் அதை வாங்கினார். 1955-இல் பிரெஸ்லியின் கிதார்க் கலைஞர் ஸ்காட்டி மூரும் வாங்கினார். நூற்றுக்கும் குறைவாகவே அவை செய்யப்பட்டன. ஆயினும், பதிவு நிலையத்துள் அடைபட்டுக் கிடந்த எதிரொலியை மேடைக்கு அழைத்து வந்த பெருமை அச்சிற்றூர்க் கைவினைஞருக்கு உண்டு.

அதன்பின் எதிரொலிக் கருவிகள் தனிப் பெட்டிகளாயின. 1958-இல் லண்டனில் சார்லி வாட்கின்ஸ் ‘காப்பிகேட்’டை வெளியிட்டார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மைக் பேட்டில் உருவாக்கிய ‘எக்கோபிளெக்ஸ்’ வந்தது. அதில் ஹெட்டை நகர்த்தி நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். இத்தாலியின் பின்சன் நிறுவனம், நாடா தேயும் தொல்லையைத் தவிர்க்கச் சுழலும் காந்த உருளையைக் கையாண்டது. ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவினர் அதைப் பெரிதும் விரும்பினர். ஜப்பானில் இகுதாரோ காகேஹாஷி 1972-இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1974-இல் அந்நிறுவனம் ‘ஸ்பேஸ் எக்கோ’ என்ற கருவியை அளித்தது. அதில் நாடா ஓர் அறையினுள் தளர்ந்து கிடந்து ஓடியமையால், இழுபடுதலும் தேய்மானமும் குறைந்தன.

எனினும் இவையெல்லாம் அசையும் உறுப்புகளை உடையவை. நாடா அழுக்கேறும்; மோட்டார் தளரும்; கருவியின் பளுவோ தோளை ஒடிக்கும். அசையும் உறுப்பே இல்லாமல் ஒலியைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க இயலாதா?

இயலும் என்று 1969-இல் காட்டினர், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த சாங்ஸ்டரும் டேயரும். ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் குளத்திலிருந்து வீடு வரை மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக நீரைக் கைமாற்றுவர் அல்லவா? அது போன்றே, ஒலியின் மின்னூட்டத்தை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாற்றும் நுண்சில்லை அவர்கள் வகுத்தனர். ‘பக்கெட் பிரிகேட்’, அதாவது வாளி வரிசை என்றே அதற்குப் பெயர். பின்னாளில் 4096 படிகள் கொண்ட சில்லுகள் கிடைத்தன. வினாடிக்கு 10,000 முறை துடிக்கும் கடிகாரத்தோடு அதை இயக்கினால், ஒலி 0.2 வினாடி தாமதித்து வெளிவரும்.

ஆனால் வாளி கைமாறும்போது நீர் சிந்துவதில்லையா? இங்கும் அப்படியே. மேலும், நேரத்தை நீட்டக் கடிகாரத்தின் துடிப்பைக் குறைக்க வேண்டும். துடிப்புக் குறைந்தால் உயர்ந்த சுரங்களைத் தூய்மையாக ஏந்தும் ஆற்றலும் குறையும். ஆதலால் அவ்வுயர்ந்த பகுதியை வடிகட்டி நீக்கினர். விளைவு, சற்றே இருண்ட, கதகதப்பான எதிரொலி. நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1970-களில் வெளியிட்ட ‘மெமரி மேன்’ பெட்டியும், 1981-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ‘டிஎம்-2’ பெட்டியும் இவ்வகையின. இப்பொழுதுதான் எதிரொலி உண்மையாகவே காலடிக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தது எண்களின் காலம். ஒலியைக் கணந்தோறும் அளந்து, எண்களாக்கி, நினைவகத்தில் வைத்து, வேண்டும்போது திருப்பி எடுக்கும் டிஜிட்டல் கருவியை லெக்சிகான் நிறுவனம் 1971-இல் அளித்தது. அது பதிவு நிலையங்களுக்கு உரிய பெருங்கருவி. 1983-இல் பாஸ் நிறுவனம் ‘டிடி-2’ என்ற பெயரில் அதே தத்துவத்தை உள்ளங்கையளவுப் பெட்டியில் அடக்கியது. அது 12 பிட் கருவி. ஒலியின் உயரத்தை 4096 படிகளாக அளப்பது. 0.8 வினாடி வரை எதிரொலி தந்தது. முதல் எதிரொலி எத்துணைத் தெளிவோ, ஐந்தாவதும் ஏறத்தாழ அத்துணைத் தெளிவு. மழுக்கம் என்ற குறை நீங்கிற்று.

குறை நீங்கியபின் நடந்ததுதான் வியப்பு. தெளிந்த எதிரொலிகள் புதிதாக வாசிக்கும் சுரங்களோடு போட்டியிட்டு நின்றதைப் பலர் உணர்ந்தனர். பழைய நாடாவின் எதிரொலியோ, மழுங்கிப் பின்னே ஒதுங்கி, பாடகருக்கு வழிவிட்டு நின்றது. நாடாவின் தள்ளாட்டமும் வாளி வரிசையின் இருளும் இசையின் அங்கங்களாகிவிட்டன என்பதை அவற்றை இழந்த பிறகே மக்கள் அறிந்தனர். 1999-இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட ‘டிஎல்4’ என்ற பசுமை நிறப் பெடல் இதற்குச் சான்று. எக்கோபிளெக்ஸ், ஸ்பேஸ் எக்கோ வகை, மெமரி மேன், டிஎம்-2 ஆகியவற்றின் குணங்களை அது கணக்கீட்டால் போலச் செய்தது. ஐம்பதாண்டுகள் போராடி நீக்கிய குறைகளை ஒரு குமிழைத் திருகி மீட்டுக்கொள்ள வகை செய்தது. இன்று ‘பல்வகைப் பயன் உடையது’ எனப் போற்றப்படும் பெட்டிகள் பலவும் இவ்வழி வந்தவையே.

அதற்காக டிஜிட்டலின் தெளிவு பயனற்றது என எண்ணிவிடாதீர்கள். ‘யூ2’ குழுவின் எட்ஜ் என்ற கலைஞர், எதிரொலியையே தாளத்தின் உறுப்பாக்கினார். அவர் குழுவின் 1987-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பாகிய ‘தி ஜோஷுவா ட்ரீ’யில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். நிமிடத்திற்கு 120 துடிப்பு கொண்ட பாட்டில் ஒரு துடிப்பு 0.5 வினாடி. அதை நான்கு கூறாக்கி, மூன்று கூறு கழிந்தவுடன், அதாவது 0.375 வினாடியில், எதிரொலி வருமாறு அமைத்தால், ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பது போலப் பின்னிக்கொள்ளும். நேரம் சிறிது பிசகினாலும் பின்னல் அவிழ்ந்துவிடும். இதற்குத் துல்லியமான பெட்டி வேண்டும். தாளத்தைக் காலால் தட்டிக் காட்டினால் அதற்கேற்ப நேரத்தை அமைத்துக்கொள்ளும் ‘டேப் டெம்போ’ என்னும் வசதியும் வேண்டும்.

இக்கதையைச் சொல்லி முடித்தபின் என் மருமகனிடம் இவ்வாறு கூறினேன்: “தம்பி, நேற்று நான் சொன்னதை மறந்துவிடு. நீ வாசிக்கும் பாடல்களில் பெரும்பாலானவற்றிற்கு ஒரு வினாடிக்கு உட்பட்ட எதிரொலியே போதும். கடைக்குப் போகும்போது உன் கிதாரையே எடுத்துச் செல். உன் பாட்டையே வாசித்துப் பார். முதல் எதிரொலியைக் கேட்டு மயங்கிவிடாதே; நான்காவதையும் ஐந்தாவதையும் கேள். அவை உன் வாசிப்புக்கு இடம் விடுகின்றனவா, இடர் செய்கின்றனவா என்று பார். தெளிந்த எதிரொலி, இருண்ட எதிரொலி, நாடாவைப் போல் தள்ளாடும் எதிரொலி ஆகிய மூன்றும் தந்து, தாளத்தைக் காலால் தட்டவும் இடந்தரும் பெட்டி எதுவோ, அதுவே உனக்குப் பல்வகையில் பயன்படும். அணைத்தவுடன் எதிரொலி திடீரென அறுந்துபோகாமல் இயல்பாகத் தேய்ந்து மறைகிறதா என்பதையும் கவனி. அது கேட்கும் மின்னோட்டத்தை உன் பெடல் போர்டிலுள்ள மின்வழங்கி தருமா என்று அட்டையைப் படித்துப் பார். சில டிஜிட்டல் பெட்டிகள் 9 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் கேட்கும். ஒலியைக் கரகரக்கச் செய்யும் பெடலுக்குப் பின்னால் இதை வை; எதிரொலிகளே கரகரத்து ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கும்.”

அவன் மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்து, மிகுந்த விலை உடையதை விடுத்து, நான்கு குமிழ்களே உள்ள ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்தான். மிஞ்சிய பணத்தில் கிதாருக்குப் புதிய தந்திகள் வாங்கிக்கொண்டான். அன்று மாலை அவன் வாசித்தபோது, எதிரொலி ஒவ்வொன்றும் மங்கிப் பின்னே செல்வதைக் கேட்டிருந்தேன். “மாமா, இருண்டதைத்தான் வைத்திருக்கிறேன், அதுதான் நான் அடுத்து வாசிப்பதற்கு வழி விடுகிறது” என்றான்.

மாணவ நேயர்களே! புதிய கருவி பழையதன் குறையைத் தீர்க்கவே பிறக்கின்றது. ஆனால் அக்குறையோடு ஒரு நயமும் சேர்ந்து போய்விடுவது உண்டு. எது குறை, எது நயம் என்று பிரித்தறியும் வேலையைக் கருவி செய்யாது. அதை நம் செவிதான் செய்ய வேண்டும். வரலாற்றை அறிந்த செவி அதைச் சற்று எளிதாகச் செய்யும்.